எட்டாவது துளை

ஈப்போவை ஒட்டிய தாமான் ஸ்ரீ மெர்பா குடியிருப்பில் உள்ள அறுபத்திரண்டு வீடுகளும் ஒரே நிறுவனத்திடம்தான் இணைய இணைப்பு வாங்கியிருந்தன. எது நல்லது என்று ஒருவரும் விசாரித்து வாங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவில், அன்னதானப் பந்தலை ஒட்டி, மின்னல் படம் போட்ட மஞ்சள் குடை ஒன்று முளைத்தது. அதன் கீழே, குடியிருப்போர் சங்கத் தலைவர் கனகராஜின் அக்கா மகன் சுரேன் உட்கார்ந்திருந்தான். கிலாட் நிறுவனத்துக்கு அவன் ஏஜெண்டு. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "சாப்பிட்டுட்டு அப்படியே ஐ.சி. கார்டக் காட்டி ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். சாம்பாரும் இணையமும் ஒரே வரிசையில் கிடைத்தன. வரிசை என்று ஒன்று இருந்தால் தாமான்காரர்கள் நிற்காமல் இருக்கமாட்டார்கள்.

ஷர்மினியின் அம்மா சரளாவும் நின்றாள். கையில் பாயசத்தோடும் கிலாட்டின் ரசீதோடும் வீட்டுக்கு வந்தாள்.

ஷர்மினிக்கு இருபத்தேழு வயது. வேதியியல் படித்துவிட்டு ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாள் முழுவதும் அவள் பேசுவதைச் சேர்த்து எழுதினால் அஞ்சலட்டையில் பாதி மிஞ்சும். மனசுக்குள் நடப்பது வேறு. அங்கே அவள் யாரையும் விட்டுவைப்பதில்லை. எதிரே நிற்பவரை உரித்து, உப்புப் போட்டு, காயவைத்துவிடுவாள். வாய் வழியாக வெளியே வருவது மட்டும் "பரவாயில்ல" என்ற ஒரே சொல்தான்.

அவளுக்கு ஒரு கவலை இருந்தது. தாமானின் பின்னால், ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் ரப்பர் ஷீட்டைக் காயவைக்கப் புகை போட்ட பழைய கூடம் ஒன்று இடிபடாமல் நின்றது. போன வருடம் யாரோ அதை வாடகைக்கு எடுத்து, லோரி லோரியாக பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். உருகுவதை உருக்கினார்கள், உருகாததைக் கொளுத்தினார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டு வரை எரியும். சரளாவின் கையில் இன்ஹேலர் ஏறியது. சங்கம் மூன்று புகார்க் கடிதம் எழுதியது. மூன்று முறையும் அதிகாரிகள் காலை பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "புகை காணப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். மாலையில் எரிவது காலையில் தெரியாது என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைவரின் பெயரும் பட்டங்களும் மட்டும் கடிதத்தில் பாதிப் பக்கம் இருந்தன.

ஷர்மினி கடிதம் எழுதவில்லை. காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்னப் பெட்டிகள் மூன்று செய்தாள். ஒன்று அவள் வீட்டுக் கூரையில். ஒன்று புகைக்கூடத்துக்கு மிக அருகில் இருக்கும் மாரியம்மா அக்கா வீட்டில். இன்னொன்று தாமானின் நுழைவாயிலில். பெட்டிகள் நிமிடத்துக்கு ஒரு தடவை அளவை அனுப்பும். முதலில் அதை இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் சேர்த்துவைத்தாள். இரண்டு மாதம் கழித்து, விதி மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர்கள் எல்லாவற்றையும் அழித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தாள், இனி அடுத்தவன் வீட்டில் பொருளை வைப்பதில்லை என்று. ஆபீசில் கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, சமையலறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். இருபத்துநாலு மணி நேரமும் அது ஓடியது. அதுதான் அவளுடைய சர்வர். கோடுகளாக, நாள்வாரியாக, தாமான் மூச்சுவிடுகிற காற்று அதில் தெரிந்தது.

புகாரைப் புதிதாகக் கையில் எடுத்த அதிகாரி ரொஹானா அம்மையார், மலாயில் புவான் ரொஹானா, போனில் தெளிவாகச் சொன்னார். "காகிதம் வேண்டாம், வாட்ஸ்அப் படமும் வேண்டாம். என் நாற்காலியில் இருந்தபடி நான் நினைத்த நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். இருபத்தாறாம் தேதி திங்கள் முதல் பார்ப்பேன். புதன் பத்து மணிக்கு உங்கள் தாமான் மண்டபத்துக்கு வருவேன். பார்க்க முடிந்திருந்தால் நேரே அந்த இடத்துக்குப் போகலாம். முடியாவிட்டால் கோப்பை மூடிவிடுவேன். ஒரு வருடமாகத் திறந்தே கிடக்கிறது."

ஷர்மினி வீட்டில் இருந்து திறந்தால் பக்கம் திறந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்து திறந்தால் திறக்கவில்லை.

காரணம் கிலாட்தான். தோட்டக் காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, தோட்ட ஆபீஸ். உள்ளே இருப்பவர் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் போடலாம். வெளியில் இருந்து ஒருவர் தேடி வந்தால் ஆபீஸ் வாசல் வரைக்கும்தான் வரமுடியும். எந்த வீடு என்று சொல்ல ஆள் இருக்காது. தோட்டம் போய், லயம் போய், கல் வீடு வந்து, கண்ணாடி நார்க் கம்பி வந்த பிறகும் கிலாட் அதையேதான் செய்தது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து வெளியுலகுக்கு ஒரே முகவரி. படம் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. வீட்டுக்குள் சர்வர் வைத்திருப்பவளுக்கு அது கதவே இல்லாத வீடு.

தன் வீட்டுக்கென்று தனியாக ஒரு வெளி முகவரி தரமுடியுமா என்று அவள் சுரேனிடம் கேட்டாள். கேட்பதற்கு இரண்டு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

"பப்ளிக் ஐ.பி.யா? அதெல்லாம் வேணாக்கா, டேஞ்சர். ஸ்பீடு பத்தலன்னா சொல்லுங்க, ஆயிரமா ஆக்கிடறேன்."

"ஸ்பீடு இல்ல. வெளிய இருந்து உள்ள வரணும்."

"அதான், ஆயிரமா ஆக்குனா எல்லாம் வரும் லா."

கதவில்லாத வீட்டுக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தித் தருகிறேன் என்கிறான். "பரவாயில்ல" என்றாள் ஷர்மினி.

அடுத்தது அங்சா. வாத்துப் படம் போட்ட நிறுவனம். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் மின்தூக்கிக்கு எதிரே அவர்கள் கடை போட்டிருந்தார்கள். கடையில் பவித்ரன் என்று நெஞ்சில் பெயர் குத்திய பையன் ஒருவன், வாத்துத் தொப்பி போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் அக்கா என்று அழைத்துக்கொண்டிருந்தான். அவள் கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தாள்.

"அப்லோடு எவ்வளவு?"

"அன்லிமிடெட், அக்கா."

"எவ்வளவு வேகம்னு கேட்டேன்."

"அதுவும் அன்லிமிடெட்."

"வெளிய இருந்து என் கம்ப்யூட்டருக்கு வர முடியுமா? ஏதாவது பூட்டி வெச்சிருக்கீங்களா?"

பவித்ரன் தொப்பியைச் சரிசெய்தான். "எங்க கம்பெனியில எதையும் பூட்ட மாட்டோம் அக்கா. இன்னிக்கிப் போட்டா ஏர் ஃப்ரையர் ஃப்ரீ."

தன் காகிதத்தை அவள் நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பட்டப்படிப்பில் மூன்று வருடம் குரோமட்டோகிராபி படித்தவளுக்கு இந்த உலகம் வாத்துத் தொப்பிக்குக் கீழே இருந்து பதில் சொல்கிறது. ஏர் ஃப்ரையரை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நல்ல ஏர் ஃப்ரையர்தான்.

மூன்றாவது சூலிங். கடையும் இல்லை, குடையும் இல்லை. மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. அது அவளுக்கு வசதி. எழுதி அனுப்பிய மறுநாள் பதில் வந்தது. எழுதியவர் ஆரணன், தொழில்நுட்பப் பிரிவு. 'முடியும். உங்களுக்கு மட்டுமான பொது முகவரி தருவோம். விண்ணப்பத்தில் "பிற" என்ற கட்டத்தில் எழுதிக் கேட்க வேண்டும், கேட்காதவர்களுக்குத் தருவதில்லை. உங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில் எங்கள் பெட்டி இருக்கிறது. இணைப்புக்கு ஒன்றாக எட்டுத் துளை. பக்கத்துக் கடை வரிசைக்கு ஏழு போய்விட்டது. ஒன்று மிச்சம். சீக்கிரம்.'

அவள் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மனிதன் பேராக் மாநிலத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான். அன்று மாலையே விண்ணப்பித்தாள். இருபத்துமூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, ஆட்கள் வருவார்கள் என்று பதில் வந்தது. திங்களுக்கு மூன்று நாள் முன்னால். போதும்.

வெள்ளிக்கிழமை ஷர்மினி விடுப்பு எடுத்தாள். பத்து முப்பத்தைந்துக்கு சூலிங்கின் வேன் வாசலில் நின்றது. ஏணியை இறக்கிக்கொண்டு ஃபைசால் என்ற இளைஞனும் அவன் கூட்டாளியும் கேட்டருகே வந்தார்கள். சரளா உள்ளே இருந்து வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் இருங்க. பன்னெண்டு மணிக்கு மேல உள்ள வாங்க" என்றாள் மலாயில்.

"ஏன் மக்சிக்?" என்று அத்தை முறை வைத்துக் கேட்டான் ஃபைசால்.

"இப்ப நேரம் சரியில்ல."

ஷர்மினி அம்மாவின் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்தாள். "ஒயர் போடறதுக்கு என்னம்மா நேரம்?"

"வெள்ளிக்கிழம பத்தரை பன்னெண்டு ராகு காலம். தெரியாதா? ஃப்ரிஜ்ஜு வந்தப்ப பாக்கலயா? வாஷிங் மெஷின் வந்தப்ப பாக்கலயா?"

"வாஷிங் மெஷின் ஆறு மாசத்துல கெட்டுப்போச்சி."

"நேரம் பாக்காம எடுத்திருந்தா மூணு மாசத்துல போயிருக்கும்."

சுவரில் ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கிய தினக்காட்டி தொங்கியது. சிவகாசியில் அச்சானது. ராகு காலம் என்பது சூரியன் உதிப்பதில் இருந்து பகலை எட்டாகப் பிரித்து எடுக்கிற கணக்கு. வெள்ளிக்கு நாலாவது பங்கு தொடங்கும் இடம் பத்தரை. அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்கு. ஈப்போவில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் எழுந்திருக்கிறது. அப்படியானால் இங்கே வெள்ளிக்கிழமை ராகு பதினொன்றே முக்காலுக்குத்தான் தொடங்கும். நல்ல நேரத்தில் வந்து நிற்கும் ஆளை நிறுத்திவைத்து, கெட்ட நேரம் பார்த்து உள்ளே அழைக்கப்போகிறாள் அம்மா. நம்புகிறவர்களாவது கணக்குத் தெரிந்து நம்பக்கூடாதா?

இவ்வளவும் நாக்கு நுனிக்கு வந்தது. ஃபைசால் பார்த்துக்கொண்டிருந்தான். வேற்று ஆள் முன்னால் அம்மாவோடு வாதாடுவதற்கு ஷர்மினிக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பக்கத்து வீட்டில் கனகராஜ் கார் கழுவிக்கொண்டிருந்தார். தாமானில் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று அறிவிப்பு ஒட்டியவர் அவர்தான். குழாயை மூடாமலே மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க, மைலோ குடிங்க." இருவரும் போனார்கள்.

பதினொன்றே காலுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணி சாய்ந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பார்த்த ஷர்மினிக்குக் கண்ணில் நீர் வந்தது. பாவம், நேரம் வீணாகக்கூடாது என்று வெளி வேலையை முதலில் முடிக்கிறார்கள். கம்பத்தில் இருந்து கருப்புக் கம்பி ஒன்று காற்றில் ஆடியபடி வந்தது. அவள் சமையலறைக்கு ஓடி, அரிசி டின்னை நகர்த்தி, கணினிக்குப் பின்னால் இடம் செய்தாள். தூசி தட்டினாள்.

சரியாகப் பன்னிரண்டுக்கு சரளா சூடம் ஏற்றி, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி, கேட்டை அகலத் திறந்தாள். வெளியே வேனும் இல்லை, ஆளும் இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். கம்பத்தில் இருந்து வந்த கம்பி அவர்கள் கூரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்திருந்தது.

கனகராஜ் போர்ட்டிக்கோவில் போனைக் கையில் பிடித்து நின்றார். "சரளா தங்கச்சி! ஸ்பீடு பாரு லா, பறக்குது! அந்தப் பையன் சொன்னான், கம்பத்துல ஒண்ணுதான் பாக்கி, நீங்க வேணாங்கறீங்கன்னு. சரி, வீணாப் போவானேன்னு நான் போட்டுக்கிட்டேன்."

ஷர்மினியின் போன் அதிர்ந்தது. சூலிங்கில் இருந்து தானாக வரும் செய்தி. 'வாடிக்கையாளர் மறுத்ததால் பணி முடிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

பிற்பகலில் ஆரணனிடம் இருந்து கடிதம் வந்தது. 'மன்னிக்கவும். உங்கள் விண்ணப்பத்திலேயே பெயரையும் வீட்டு எண்ணையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். "பிற" என்ற கட்டத்தில் நீங்கள் கேட்டிருந்த பொது முகவரியும் அந்த வீட்டுக்கே போய்விட்டது. கம்பத்துக்குப் புதுப் பெட்டி கேட்டு எழுதியிருக்கிறேன். ஆறு வாரம் ஆகலாம்.'

திருவிழாவில் அறுபத்திரண்டு வீட்டையும் கிலாட்டில் கட்டிப்போட்ட மனிதர், இப்போது கிலாட்டை விட்டு ஓடிய முதல் ஆள். அவர் வீட்டில்தான் தாமானின் ஒரே கதவு. அந்தக் கதவு வழியாக அவர் கபடிப் போட்டி பார்க்கிறார்.

அன்றும் மாலை ஆறு மணிக்குப் புகை வந்தது. சன்னலை எல்லாம் சாத்தியும் வந்தது. சரளா இரண்டு தடவை இன்ஹேலரை இழுத்துவிட்டு, "அந்த மெஷின் எங்க இருந்தாத்தான் என்ன?" என்றாள்.

"என்னம்மா?"

"ஒயர் அங்க போயிடுச்சி. மெஷினத் தூக்கிட்டுப் போயி அங்க வெச்சா ஓடாதா?"

ஓடும். ஆசிரியர்கள் நாலு பேர் வாசித்துப் பாராட்டிய ஆய்வேடு எழுதியவளுக்கு அது தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. கனகராஜிடம் போய் ஒன்றைக் கேட்பது என்ற எண்ணமே அவள் மூளை போகிற பாதையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை சரளா உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் ஒரு தட்டு பொரித்து எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஷர்மினி பின்னால் நடந்தாள். கனகராஜ் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சூலிங்கின் வெள்ளைப் பெட்டி மேல் பூப்போட்ட துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. துண்டுக்கு அடியில் பச்சை விளக்கு மினுக்கியது.

"அண்ணே, இவ கம்ப்யூட்டரு ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாளு உங்க வீட்டுல வெச்சிக்கணும்."

"எதுக்கு?"

"புகை விஷயமாண்ணே. அந்த ஆபீசர் அம்மா பாக்கணுமாம். உங்க லைன்ல வெச்சாத்தான் தெரியுமாம்."

கனகராஜ் கறிபாப்பைக் கடித்து, மென்று, விழுங்கினார். "அது சரி வராதே தங்கச்சி. வைரஸ் கைரஸ் வந்துட்டா? என் லைன்ல சங்கத்து விஷயமெல்லாம் போவுது. ரகசியம்."

"அதுவும் சரிதாண்ணே" என்றாள் சரளா. தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "அப்ப சுரேன்கிட்டயே கேட்டுப் பாக்கறோம். தலைவர் வீட்டுல கிலாட் எப்பிடி இருக்கு, நல்லா ஓடுதான்னு."

மெல்லுவது நின்றது.

"சுரேன எதுக்கு லா இதுல..."

"சும்மாதாண்ணே. நேத்துக்கூட அவங்க அம்மாவ பாசார்ல பாத்தேன். வாய் வரைக்கும் வந்துச்சி. சரி, அக்கா தம்பி விஷயம், நமக்கென்னன்னு மீன வாங்கிட்டு வந்துட்டேன்."

உள்ளே இருந்து கனகராஜின் மனைவி பிரமிளாவின் சிரிப்பு ஒன்று கேட்டு, இருமலாக மாறியது. கனகராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பொதுக் காரியம்னா நான் எப்பவாச்சும் பின்னால நின்னிருக்கேனா? கொண்டாங்க. ஆனா ஒண்ணு. அந்த ஆபீசர் தொறக்கறப்ப, மேல சங்கத்து பேரு வரணும். தலைவர் படத்தோட. சின்னதா போடாத, என்னா?"

"பரவாயில்ல" என்றாள் ஷர்மினி.

மணி ஐந்து. கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்தபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழம நாலரை ஆறு ராகு காலம்மா. உன் காலண்டர்லதான் போட்டிருக்கு."

"நம்ம வீட்டுக்கா வருது? அவரு வீட்டுக்குத்தானே போவுது. நட."

வெள்ளைப் பெட்டியில் வாசல் திறந்துவிடும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு தெருவில் நின்று, போனில் வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு, வெளியாள் மாதிரி தன் பக்கத்தைத் திறந்தாள். முதலில் கனகராஜின் நெற்றி வந்தது. பிறகு விபூதி, மூக்கு, மீசை, கோட்டு. அவர் அனுப்பிய படம் அவ்வளவு கனம். அதற்கும் கீழே, மெல்ல, அவளுடைய கோடுகள் வந்தன. மாலைதோறும் ஆறு மணிக்கு மலை மாதிரி எழுந்து எட்டு மணிக்கு இறங்கும் கோடுகள். அவள் படத்தை மட்டும் கனம் குறைத்தாள். அகலத்தைக் குறைக்கவில்லை. வாக்கு வாக்குதான்.

திங்கள் காலை ஒன்பது பத்துக்கு யாரோ ஒருவர் பக்கத்தைத் திறந்து ஏழு நிமிடம் பார்த்ததாக சர்வரின் பதிவேடு சொன்னது. மதியம் மறுபடியும். ஷர்மினி ஆய்வுக்கூடத்தில் கையுறைகளில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்த்துக்கொண்டே அதைப் பார்த்தாள்.

செவ்வாய் மூன்று மணிக்கு வானம் இருட்டி இடி இடித்தது. மூன்று ஐந்துக்குப் பக்கம் செத்தது. அவளுக்கு உடனே தெரிந்தது. இடி என்றால் இங்கே எல்லா வீட்டிலும் முதலில் பிளக்கைப் பிடுங்குவார்கள். பிரமிளா அக்கா தொலைக்காட்சி, வெள்ளைப் பெட்டி, சர்வர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணாடிக்குத் துணி போர்த்திவிட்டுப் படுத்திருப்பார். போன் செய்தாள், போனையும் அணைத்திருந்தார். சரளா மழையில் குடை பிடித்துப் போய்க் கதவைத் தட்டி, ஐந்தரைக்குத்தான் மாட்டவைக்க முடிந்தது. அளக்கும் பெட்டிகள் ஒரு நாள் அளவைத் தங்களிடமே வைத்திருக்கும்; அதனால் கோடு அறுபடவில்லை. ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் புவான் ரொஹானா திறந்து பார்த்தாரா என்பதைச் செத்துக் கிடந்த சர்வர் சொல்ல முடியாது.

புதன் பத்து மணிக்கு மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கனகராஜ் படத்தில் இருந்த அதே கோட்டைப் போட்டிருந்தார். ஷர்மினி கடைசி வரிசையில், மின்விசிறிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். புவான் ரொஹானா இரண்டு ஆட்களுடன் வந்து, கையிலிருந்த பலகைக் கணினியை மேசையில் வைத்து, பக்கத்தைத் திறந்தார். முன் வரிசைக்கும் தெரிந்தது.

"இது யார்?" என்று மலாயில் கேட்டார்.

கனகராஜ் எழுந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, படத்தில் நிற்பதுபோல் நின்றார். "நான்தான் புவான். எங்கள் சங்கம்தான் இதைச் செய்தது."

"நேற்று மூன்றரைக்குத் திறந்தேன். வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. ஏன்?"

கனகராஜ் பிரமிளாவைப் பார்த்தார். பிரமிளா கூரையைப் பார்த்தார்.

"சரி. இங்கே முந்நூற்று நாற்பது என்று இருக்கிறதே, இது என்ன?"

"முந்நூற்று நாற்பது டிகிரி, புவான். அவ்வளவு சூடு."

புவான் ரொஹானா கண்ணாடியைக் கழற்றினார். "டிகிரியா?" அவர் விரல் பலகைக் கணினியின் மூடியைத் தொட்டது. மூடப்போகிறார். ஒரு வருடம், மூன்று பெட்டி, ஒரு வாத்துத் தொப்பி, எட்டாவது துளை, எல்லாம் அந்த மூடிக்குள் போகப்போகிறது.

"மைக்ரோகிராம்" என்றது ஒரு குரல். தன் குரல்தான் என்று ஷர்மினிக்குக் கொஞ்சம் பொறுத்தே தெரிந்தது. எழுந்தும் நின்றிருந்தாள். "ஒரு கனமீட்டர் காற்றில் முந்நூற்று நாற்பது மைக்ரோகிராம் தூசி. மற்ற நேரத்தில் இருபது. தினமும் மாலை ஆறில் இருந்து எட்டு வரை. புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் முதலில் ஏறும், நுழைவாயிலில் கடைசியில் ஏறும். நேற்று மூன்று மணிக்கு இடி இடித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். சர்வர் அவர் வீட்டில் இருக்கிறது. செய்தது நான்."

 புவான் ரொஹானாவின் முகத்தில் என்னவோ இளகியது. "என் வீட்டிலும் பிடுங்கிவிடுவார்கள்" என்றார். "அந்த இடியை நானும் கேட்டேன். நீ என்னோடு வா. இடத்தைக் காட்டு."

புகைக்கூடத்தில் நேற்றைய சாம்பல் கிளறினால் இன்னும் சூடாக இருந்தது. கூடத்தை மூடச் சொல்லி அதிகாரிகள் கதவில் ஒட்டிய சிவப்பு அறிவிப்பைக் கனகராஜ் தன் முகம் தெரியும்படி படமெடுத்து, 'சங்கத்தின் வெற்றி' என்று எல்லோருக்கும் அனுப்பினார். அவர் அனுப்பட்டும். அன்று மாலை ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது, ஏழு ஆனது. மூன்று கோடும் எழும்பவில்லை. சரளா சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு காய் நறுக்கினாள்.

ஆறு வாரத்தில் ஆரணன் சொன்னபடி கம்பத்துக்குப் புதுப் பெட்டி வந்தது. 'உங்கள் பெயருக்கு முதல் துளை. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஆள் வரும். நேரத்தை மாற்ற வேண்டுமா?' என்று எழுதியிருந்தார். 'வேண்டாம்' என்று எழுதினாள் ஷர்மினி.

அதே வேன், அதே ஃபைசால். கேட்டைப் பார்த்ததும் அவன் ஏணியை இறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சரளா தினக்காட்டியைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் ஷர்மினி, ஃபைசாலுக்கும் கேட்கிற மாதிரியே. "அந்த டைம் சிவகாசில உள்ளவங்களுக்கு. அங்க ஆறு மணிக்குச் சூரியன் வருது. இங்க ஏழேகாலுக்கு வருது. கணக்குப் போட்டா நமக்கு வெள்ளிக்கிழம ராகு காலம் பதினொன்னே முக்காலுக்குத்தான் ஆரம்பம். ஒண்ணேகால் வரைக்கும்."

சரளா விரலை மடக்கினாள். மறுபடி விரித்தாள். "அப்ப இத்தன வருசமா நான் நேரம் பாத்து பாத்து பண்ணதெல்லாம்?"

"ராகு காலத்துலதான்."

"வாஷிங் மெஷின்?"

"அது வெள்ளிக்கிழம பன்னெண்டரைக்கு உள்ள வந்துச்சி."

சரளாவின் முகத்தில் ஒரு பழைய கணக்கு ஓடியது. "உங்க அப்பா தாலி கட்டுனது வெள்ளிக்கிழம பன்னெண்டே கால்" என்றாள். ஷர்மினியின் அப்பா பதினைந்து வருடத்துக்கு முன் சிலிம் ரிவருக்கு வேலை என்று போனவர். அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார்.

"நல்ல நேரம், நல்ல நேரம்னு அவங்க ஆளுங்கதான் அவசரப்படுத்துனாங்க. எனக்கு அப்பவே சந்தேகம்" என்று சொல்லிக்கொண்டே, சரளா போய்க் கேட்டை அகலத் திறந்தாள். "வா தம்பி, சீக்கிரம். பதினொன்னே முக்காலுக்குள்ள முடிச்சிடணும்."